ஆவாரம்பட்டைத் தோலும் ஒரு ருஷ்ய லென்ஸும்

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் கெமிஸ்டாக இருந்தேன். ஈரத்தோலில் பூஞ்சை பிடிக்காமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். மழைக்காலத்தில் எத்தனை சொட்டு மருந்து கூடுதலாகப் போட வேண்டும் என்று பிற தொழிற்சாலைக்காரர்கள்கூட என்னைக் கேட்டுப் போவார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் செய்த அசட்டுத்தனத்தின் அளவு அப்போதுதான் சரியாகப் புரியும்.

சோவியத் நாடு உடைந்த பிறகு, தொண்ணூறுகளில், தோல் வாங்க வந்த ருஷ்யர்கள் பெட்டியில் சட்டைகளோடு பழைய கேமராக்களையும் லென்ஸ்களையும் கொண்டுவந்தார்கள். ஊர் திரும்பும்போது அவற்றில் ஒன்றும் பெட்டியில் இருக்காது. வாணியம்பாடியில் எனக்குத் தெரிந்த தோல் வியாபாரி ஒருவர் அவற்றை வாங்கி வைத்துவிட்டு எனக்கு ஆள் அனுப்புவார்.

"இன்னா சார், புள்ள பொறந்த வூட்டுக்குப் போற மாதிரி ஓடி வர்றீங்க?" என்பார்.

"பாய், இது ஜுபிடர் லென்ஸ். அலுமினிய உடம்பு. இந்தக் கண்ணாடியோட நீலத்தைப் பாருங்க."

"நான் தோலப் பாக்குறவன். நீங்களும் அதப் பாத்தா மொதலாளிக்கு நல்லது."

நான் படித்தவன் என்பதால் எனக்குப் பிடித்த பைத்தியத்துக்கும் ஒரு தத்துவம் வைத்திருந்தேன். அந்த லென்ஸ்களில் முகம் மென்மையாக விழும், ஜப்பான் லென்ஸ்களில் அது வராது என்று கேட்டவர்க்கும் கேட்காதவர்க்கும் சொல்வேன். உண்மையில் நான் முகங்களை எடுத்ததே குறைவு. ஒவ்வொரு லென்ஸ் வந்ததும் எதிர்வீட்டுச் செங்கல் சுவரை எடுப்பேன். நான்கு மூலையும் தெளிவாக விழுகிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பேன். எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் என் மனைவியிடம், "அம்மா, எங்க சுவத்துல விரிசல் ஏதாச்சும் வுட்டுருக்கா? சார் தினமும் பாக்குறாரே" என்று கவலையோடு கேட்டாராம்.

என்னிடமிருந்தவற்றில் சிறந்தது ஒரு ஜுபிடர். அதற்குத் தகுந்த உறை வேண்டும் என்று தோன்றியது. தோல் ஊரில் இருந்துகொண்டு லென்ஸைத் துணிப்பையில் போட்டு வைப்பதா? ஆவாரம்பட்டையில் பதனிட்ட ஆட்டுத்தோலை நானே தேர்ந்தெடுத்தேன். கிள்ளிப் பார்த்து, முகர்ந்து பார்த்து எடுத்தேன். பூஞ்சை மருந்து மட்டும் அந்தத் தோலில் படவே கூடாது என்று ஆட்களிடம் கண்டிப்பாகச் சொன்னேன். மருந்தின் ஆவி பட்டுக் கண்ணாடி கெட்டுவிடுமாம். ஆயிரக்கணக்கான தோல்களுக்கு மருந்து போட்டவன், தன்னுடைய ஒரே ஒரு தோலுக்கு வேண்டாம் என்று சொன்னேன். உறை தைத்து வந்ததும் லென்ஸை அதில் போட்டு, இறுக்கிக் கட்டி, நல்ல நாளுக்கென்று பீரோவில் வைத்தேன். மழைக்காலம் முழுக்க அது அங்கேயே இருந்தது.

நல்ல நாள் வந்தது. என் மனைவியின் அக்கா ஒரு கன்னியாஸ்திரி. ஆப்பிரிக்காவில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்தார். நான்கூட அவரை சிஸ்டர் என்றே கூப்பிடுவேன். பல வருடங்களுக்குப் பிறகு விடுப்பில் வேலூருக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். மனைவிக்கு ஒரே ஓர் ஆசை. அக்காவும் தானும் சேர்ந்திருக்கும் படம் அவளிடம் ஒன்றுகூட இல்லை. எங்கள் கல்யாணத்தின்போது சிஸ்டரால் மடத்திலிருந்து வர முடியவில்லை. மறுபடி எப்போது வருவாரோ, வருவாரோ மாட்டாரோ.

"ஸ்டூடியோவுக்குப் போய் ஒண்ணு எடுத்துட்டு வந்துடலாங்க" என்றாள்.

"வூட்ல இத்தன லென்ஸ் வச்சிக்கினு ஸ்டூடியோவுக்கா? ஊரு சிரிக்கும்."

சிஸ்டர் ஆப்பிரிக்காவுக்குக் கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் இருவரையும் மாதா கோயில் வளாகத்துக்கு அழைத்துப் போய், விழும் வெயிலை முதுகில் வாங்கும்படி நிறுத்தினேன்.

"தம்பி, மூஞ்சில வெளிச்சமே இல்லியே?" என்றார் சிஸ்டர்.

"அதான் சிஸ்டர் ஆர்ட்டு."

"ஆர்ட்டெல்லாம் வேணாங்க. மூஞ்சி தெரிஞ்சா போதும்" என்றாள் மனைவி.

ஜுபிடரை எடுத்துக் கேமராவில் மாட்டினேன். இந்த வகைக் கேமராவில் லென்ஸ் வழியாகப் பார்க்க முடியாது. பக்கத்தில் தனியாக ஒரு சின்ன ஜன்னல் இருக்கும். அதில் ஒரே ஆள் இரண்டாகத் தெரிவார். லென்ஸைத் திருகி இரண்டையும் ஒன்றாக்கினால் ஃபோகஸ் சரி. லென்ஸில் சாணியே அப்பியிருந்தாலும் அந்த ஜன்னலில் எல்லாம் பளிச்சென்று இருக்கும். அக்காவும் தங்கையும் கை கோத்து நிற்பது எனக்கு அவ்வளவு அழகாகத் தெரிந்தது. ஒரு ரோல் முழுக்க எடுத்தேன்.

சிஸ்டரைக் காட்பாடியில் ரயிலேற்றிவிட்டு, சில நாளில், கழுவக் கொடுத்திருந்த படங்களை வாங்க லேபுக்குப் போனேன். ஒரு படத்திலும் முகம் இல்லை. தீபாவளிப் புகைக்குள் இரண்டு வெள்ளைத் தூண்கள் நிற்பது போல இருந்தது.

"இன்னாப்பா கழுவியிருக்க? கெமிஸ்ட்ரி தெரியுமா உனக்கு?" என்று லேப்காரரைக் கேட்டேன். கடையில் ஆட்கள் இருந்தார்கள். அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்.

"சார், நெகட்டிவ்லயே அப்டித்தான் இருக்கு சார். இதே தண்ணில கழுவுன மத்த ரோலெல்லாம் பாருங்க."

நான் பார்க்கவில்லை. கத்திவிட்டு வீட்டுக்கு வந்து மனைவியிடம், "லேப்ல கெடுத்துட்டான்" என்றேன். அவள், "போகட்டும், விடுங்க" என்றாள்.

பிறகுதான் உறையிலிருந்து லென்ஸை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். உள்ளே, கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் நடுவில், வெள்ளை வெள்ளையாய்ச் சிலந்தி வலை போல் இழைகள். அது என்னவென்று எந்த நுண்ணோக்கியும் இல்லாமல் சொல்லக்கூடிய ஒரே ஆள் அந்தத் தெருவில் நான்தான்.

சொல்லவில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை, லேப்காரரிடமும் சொல்லவில்லை. பிராயச்சித்தம் போல அவரிடமே தொடர்ந்து ரோல்களைக் கொடுத்தேன். ஒவ்வொரு தடவையும் அவர், "இப்பல்லாம் தண்ணி மாத்திட்டுத்தான் சார் உங்களுத கழுவுறேன்" என்பார். நான் தலையை ஆட்டுவேன். பெருந்தன்மையாக மன்னித்தவனின் தலையாட்டல் அது. டிஜிட்டல் வந்து அவர் கடை மூடும்வரை அப்படித்தான் ஆட்டினேன்.

சில வருடங்கள் கழித்து ஆப்பிரிக்காவிலிருந்து போன் வந்தது. சிஸ்டர் மலேரியாவில் இறந்துவிட்டார். அங்கேயே அடக்கம். வீட்டில் ஜெபத்துக்கு ஏற்பாடு செய்தோம். மேசைமேல் வைக்க ஒரு படம் வேண்டும் என்றார் பங்குச்சாமியார். நான் என் ஆல்பங்களை இறக்கிப் புரட்டினேன். செங்கல் சுவர். செங்கல் சுவர். கம்பியில் காக்கை. நாள்காட்டி. மறுபடி செங்கல் சுவர். சிஸ்டரின் முகம் ஒரு பக்கத்திலும் இல்லை.

மனைவி வந்து நின்றாள். நான் தலை நிமிராமல், "லேப்ல கெடுக்கல. என் லென்ஸ்லதான் பூஞ்சை" என்றேன்.

"தெரியும்" என்றாள். "மாடில ஒக்காந்து அந்த லென்ஸத் தொடச்சிக்கினே இருந்தீங்களே, அப்பவே பாத்தேன்."

பீரோவைத் திறந்து, புடவைகளுக்கு அடியிலிருந்து ஓர் அட்டையை எடுத்தாள். வர்ணம் தீட்டிய அருவித் திரைக்கு முன்னால், பிளாஸ்டிக் ரோஜா வைத்த ஸ்டூலுக்கு இரு பக்கமும், அக்காவும் தங்கையும். இரண்டு முகமும் பளிச்சென்று இருந்தன. சிஸ்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

"எப்ப எடுத்தது?"

"அவ கெளம்புன அன்னிக்குக் காலைல. மார்க்கெட்டுக்குப் போறோம்னு சொல்லிட்டு ஸ்டூடியோவுக்குப் போனோம். அவதான் சொன்னா, தம்பி ஆர்ட்டுன்னு சொன்னப்பவே எனக்குச் சந்தேகம்னு."

"இத்தன நாளா ஏன் காட்டல?"

"எங்கேந்து காட்றது? நீங்க அந்த மனுசன்கிட்ட சண்ட போட்டுட்டு வந்து அப்டி ஒக்காந்திருந்தீங்க. இத மாட்டியிருந்தா தெனம் பாத்துப் பொசுங்கியிருப்பீங்க. நீங்க ஆம்பூருக்குப் போனப்புறம் எடுத்துப் பாத்துப்பேன்."

எனக்கு லென்ஸ் போனது பெரிதில்லை. அக்கா உயிரோடு இருந்த அத்தனை வருடமும், தன் வீட்டில், தன் அக்கா படத்தை அவள் ஒளித்து ஒளித்துப் பார்த்திருக்கிறாள். என்னிடமிருந்து ஒளித்து.

ஜெபம் முடிந்த மறுநாள் அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டு வந்தேன். நாற்காலிமேல் ஏறி ஆணியை வைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தபோது, என்னையும் மீறி, "ஃபோகஸ் கொஞ்சம் திரை மேல விழுந்திருக்கு" என்று சொல்லிவிட்டேன்.

"வாய மூடிக்கினு ஆணிய அடிங்க" என்றாள். அடித்தேன்.