பூந்தமல்லிக்கு அப்பால் நின்ற அப்பா

அப்பா இறந்த வருடம், இறந்துபோன ஊழியர் ஒவ்வொருவருக்கும் செய்வதுபோல, எங்கள் கம்பெனி பூந்தமல்லிக்கு அப்பால் அவர் பெயரிலும் ஒரு வேப்பங்கன்று நட்டது. அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்பு உருக்கி வார்க்கும் கம்பெனி. அப்பா அங்கே உலைக்கு முன்னால் நின்று ஓய்ந்தவர். அவருக்குப் பிறகு எனக்கு அதே கம்பெனி ஆபீசில் வேலை கொடுத்தார்கள். நாம் விடும் புகையை இந்த மரங்கள் குடித்துவிடும் என்று மேனேஜர் மேடையில் பேசினார். வெளிநாட்டுக்காரர்களிடம் அதைச் சொல்லித்தான் ஆர்டர் பிடித்தார்கள். உயிரோடு இருந்தபோது அப்பா குடித்த புகை போதாதா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அம்மாவுக்கு அப்படியில்லை. வருடாவருடம் கம்பெனி அனுப்பும் மரத்தின் படத்தை அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள். மண்ணூர்பேட்டை வீட்டில் அழுகை நின்றதே முதல் படம் வந்த பிறகுதான். யாராவது அப்பாவைப் பற்றிப் பேச்செடுத்தால், "பூந்தமல்லி தாண்டி நின்னுகினு கீறாரு" என்பாள், வேலைக்குப் போனவரைச் சொல்வதுபோல.

பிறகு பேப்பரில் வந்தது. அங்கே மரமே கிடையாது, வெறும் கம்பிக் கூண்டுதான் நிற்கிறது, கம்பெனி பதில் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். நேரிலேயே வந்து பாருங்கள் என்று மேனேஜர் ஊழியர் குடும்பங்களுக்கு பஸ் ஏற்பாடு செய்தார். நான் போக வேண்டாமென்றேன். அம்மா கேட்கவில்லை. அரிசி களைந்த தண்ணீரை ஒரு பாட்டிலில் ஊற்றி, வழி முழுக்க மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

போய் இறங்கினால், மரங்கள் இருந்தன. ஆள் உயரத்தில், வரிசை வரிசையாக, ஒவ்வொரு கூண்டிலும் பெயர்ப்பலகையோடு. பேப்பர்காரர்களைச் சிலர் திட்டினார்கள். ஆனால் எனக்கு அந்த இடம் பிடிக்கவில்லை. ஒரு காக்கை இல்லை. தண்டில் ஓர் எறும்பு இல்லை. காற்றே இல்லாதபோது இலைகள் அசைந்த மாதிரி இருந்தது. உற்றுப் பார்த்தேன். அவை அசையவில்லை, துவண்டுகொண்டிருந்தன. வெயில் ஏற ஏற, எங்கள் கண்ணெதிரே அத்தனை மரமும் ஒன்றாகத் தலை கவிழ்ந்தது. திருவிழாவுக்கு மறுநாள் வேப்பிலைத் தோரணம் வாடிக் கிடக்குமே, அந்த வாசனை.

அம்மா எதையும் கவனிக்கவில்லை. அப்பா பெயரைத் தேடிக் கண்டுபிடித்து, கூண்டின் கதவைத் திறந்து தண்ணீரை ஊற்றினாள். மண் கரைந்தது. மரம் மெல்லச் சாய்ந்து அவள் தோள்மேல் வந்து விழுந்தது.

அவள் பயப்படவில்லை. இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டாள். அடியில் வேர் இல்லை. அரிவாளால் சரிவாகச் சீவிய கிளை, வெட்டுவாய் இன்னும் ஈரமாக இருந்தது. பக்கத்துக் கூண்டில் ஒருவர் தன் அண்ணன் மரத்தைத் தொட்டுப் பார்த்தார். அதுவும் கையோடு வந்தது. அதன் பிறகு யாரும் எதையும் தொடவில்லை.

மேனேஜர் வேகமாக வந்தார். "வெளியாளுங்ககிட்ட காண்ட்ராக்ட் விட்டோம்மா. அவங்க எங்களயும் ஏமாத்திட்டாங்க. வேற கன்னு நட்டுத் தரோம்."

அம்மா கிளையைக் கீழே கிடத்தினாள். பெயர்ப்பலகையைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள்.

"வர்சா வர்சம் படம் அனுப்புனீங்களே சார்," என்றாள். "அதுல நின்னுகினு இருந்தது யாரு?"

அவர் என்னைப் பார்த்தார். நான் அவருக்காக ஒரு வார்த்தை சொல்லி அம்மாவைத் தேற்றுவேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. நான் அம்மா பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

பஸ்ஸில் அம்மா அந்தப் பெயர்ப்பலகையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும் மரத்தின் படங்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கடைசிப் படம் கழன்றதும் அப்படியே தரையில் உட்கார்ந்து ஓலமிட்டாள். அப்பாவை வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போன அன்றைக்கு அழுதாளே, அதே குரல்.

பக்கத்து வீட்டம்மா ஓடி வந்தாள். "இன்னா ஆச்சு? யாருக்கு இன்னா?"

எனக்கு வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

"எங்கப்பா செத்துட்டாரு" என்றேன்.