போயாச்சு

“போயாச்சு” என்கிறாள் அனுராதா, கணினித் திரையைப் பார்த்து. அதற்குள் விரல்கள் அடுத்த வரிக்குப் போய்விட்டன. பக்கத்து மேசைக்காரர்கள் யாரும் திரும்புவதில்லை. நாளெல்லாம் கேட்டுப் பழகிய சொல்.

அவள் எழுதுவது சி மொழியில். அதில், தகவலை வைக்க நினைவகத்தில் இடம் கேட்டு வாங்க வேண்டும். வேலை முடிந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகும் முகவரி கையிலேயே இருக்கும். மறந்துபோய் அதே கதவைத் தட்டினால் உள்ளே வேறு யாராவது குடியிருக்கலாம். மொழி தடுக்காது. அதனால் இடத்தைத் திருப்பிக் கொடுத்த கையோடு முகவரியையும் அழித்துவிடுகிறாள். அழித்ததற்கு வாய்விட்டு ஒரு சாட்சி, அந்தப் ‘போயாச்சு’.

“வீட்டுல ‘போறேன்’னு சொன்னா அம்மா அடிக்க வருவாங்க, ‘போயிட்டு வரேன்’னு சொல்லணும். வங்காளிங்களும் கிளம்பறப்ப ‘ஆஷி’ன்னுதானே சொல்றாங்க, வரேன்னு? நம்ம ரெண்டு கூட்டமும் சி எழுதவே லாயக்கில்ல. இங்க போனது போனதா இருக்கணும்” என்பாள்.

நாற்பத்தேழு வயது. அலிப்பூர் நீதிமன்றத்துக்குப் பின்தெருவில், லாரி எடைமேடைகளுக்கு மென்பொருள் செய்யும் சிறிய நிறுவனம். வந்ததும் செருப்பை மேசைக்கடியில் கழற்றிவிட்டு, கால்களை மடக்கி நாற்காலியில் ஏறிக்கொள்வாள். மவுஸைத் தொடமாட்டாள். காரப்பொரியான ஜால்முரி வாங்கினால் தேங்காய்ச் சில்லுகளைப் பொறுக்கிக் காகிதத்தின் ஓரத்தில் சேர்த்துவைப்பாள். பிழை ஒன்று பிடிபட்டால்தான் அவை வாய்க்குள் போகும். சில நாட்கள் அப்படியே காய்ந்தும் போகும்.

மாலையில் மண்குவளைத் தேநீரோடு தெருவில் நிற்கும்போது சண்டை தொடங்கும். எதிராளி பிரவீண். சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். வங்காளத்துக்கு ஓரடி பின்னால்தான் அவனுக்குத் தமிழ் வரும். அவளை ‘அனு-தி’ என்பான், அனு அக்கா. அவன் கட்சி, ரஸ்ட் என்னும் புது மொழி. எந்த இடம் யாருக்குச் சொந்தம் என்று முதலிலேயே விசாரித்து, சந்தேகம் வந்தால் ஓடவே மறுக்கும் மொழி அது.

“அனு-தி, உங்க சி-க்கு பிரேக்கே இல்ல.”

“பாத்து ஓட்டு.”

“தூர்! ஆக்சிடென்ட் பண்ணவங்க எல்லாரும் பாத்துத்தான் ஓட்டினாங்க.”

“போடா. உன் மொழிக்குப் பேரே துரு. கிடர்பூர் துறைமுகத்துல துருவுக்கா பஞ்சம்? கோர்ட்டு குமாஸ்தா மாதிரி வரிக்கு வரி சாட்சி கேக்குது.”

சி-யின் குறைகள் அவளுக்குத் தெரியாதவை அல்ல. அதை விட்டுக்கொடுக்க மனம் வராததற்குக் காரணம் நன்றி. “இன்டர்வியூல நான் இங்கிலீஷ் உளறி எல்லாரும் சிரிச்சாங்க. அது சிரிக்கல. சொன்னதைச் செஞ்சுது.”

இந்த மழைக்காலத்தில் கிடர்பூர் கிடங்கொன்றின் எடைமேடையில் இரண்டு லாரிகளுக்கு ஒரே எடை விழுந்தது. பிறகு இன்னொரு நாளும். மேடையை இயக்கும் கருப்பையா ஓட்டுநர்களோடு சேர்ந்து ஏதோ செய்கிறார் என்று கிடங்கு உரிமையாளர் அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார். கருப்பையா தொலைபேசியில் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்: “நான் எதையும் தொடலை மேடம். உங்க பெட்டிதான் சொல்லணும்.”

அனுராதா வரிவரியாகப் படித்தாள். எல்லா இடத்திலும் முகவரி ஒழுங்காக அழிந்திருந்தது. கோளாறு எதுவும் தெரியவில்லை என்று உரிமையாளரிடம் உள்ளதைச் சொன்னாள். அது கருப்பையாவுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. திங்கட்கிழமை விசாரணை, அதோடு வேலை போய்விடும் என்றார்கள். காகிதத்தின் ஓரத்தில் தேங்காய் காய்ந்தது.

வெள்ளிக்கிழமை பிரவீண் கூப்பிட்டான். வாதத்தில் ஜெயிப்பதற்காக, அவளுடைய நிரலில் எடைச்சீட்டு அச்சாகும் பகுதியை ரஸ்டில் மாற்றி எழுதிக்கொண்டிருந்தான்.

“ஓட மாட்டேங்குது அனு-தி. உங்க வரியைத்தான் அப்படியே மாத்தினேன்.”

திரையில் சிவப்பு எழுத்து. இந்த இடம் மேலே ஏற்கெனவே கைமாறிவிட்டது, இங்கே மறுபடி எடுக்கிறாய் என்றது. அவள் எழுந்து நின்று படித்தாள். தன்னிடமிருந்த முகவரியை அவள் அழித்திருந்தாள். அதன் நகல் ஒன்று அச்சுப்பொறியிடமும் இருந்தது. காகிதச் சுருள் தீர்ந்து அச்சு நிற்கும். அதற்குள் அடுத்த லாரி ஏறும். முதல் லாரியின் இடத்தில் அதன் எடை குடியேறும். சுருள் மாற்றியதும் அச்சுப்பொறி பழைய கதவைத் தட்டும்.

“அப்பாடா!” என்றாள். பிரவீணின் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

“திட்டுவீங்கன்னு நினைச்சேன்.”

“திட்டுறதா? ஒரு மனுஷன் சோத்துல மண்ணு விழாம பண்ணியிருக்கு உன் துரு. கும்பிடணும்டா அதை.”

“அப்ப சி மோசம்னு ஒத்துக்கங்க.”

“மோசம்தான். இருபது வருஷம் எனக்குச் சோறு போட்ட மோசம். போனை எடு.”

தவறு தன்னுடையது, கருப்பையாவுடையது அல்ல என்று உரிமையாளரிடம் இந்தியில் சொன்னாள். அவர் நம்பாததுபோல் உறுமவே, வங்காளத்தில் இன்னொரு முறை சொன்னாள். அச்சுப்பொறிக்கு முகவரியைக் கொடுக்காமல் எடையையே பிரதி எடுத்துக் கொடுக்கும்படி நிரலைத் திருத்தினாள். திங்கட்கிழமை விசாரணை நடக்கவில்லை; கருப்பையா வேலைக்குத் திரும்பினார். அவளே கிடர்பூருக்குப் போய்த் திருத்தத்தை ஏற்றினாள்.

எடைமேடை அறையில் கருப்பையா ஒரு சோதனை வைத்தார். முதல் லாரி இறங்கியதும் சுருளை உருவினார். இரண்டாவது லாரி ஏறி நின்றது. சுருளை மாட்டினார். வெளியே ஓட்டுநர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான். சீட்டு வந்தது. முதல் லாரியின் எடைதான். அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் பார்த்தார்.

பிறகு எழுந்து, அந்த அறையில் இருந்த ஒரே நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். “உக்காருங்க மேடம்.”

அனுராதா நாற்காலியை அவர் பக்கமே திருப்பி வைத்தாள். அவர் உட்காரும்வரை அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.