பூசை போடாத சின்னப் பாய்

என் மாமா பாய்மரப் படகு வாங்கிய கதையை எடுத்தால், இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது ஒருவர் தலையில் அடித்துக்கொள்வார். மாமா என்றால் அம்மாவின் தம்பி; அத்தை அவர் மனைவி. சுங்கைப்பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர். எங்கள் பரம்பரைக்கும் கடலுக்கும் இருந்த உறவு, கப்பலில் வந்து இறங்கிய கொள்ளுத்தாத்தாவோடு சரி. இவருக்கு மட்டும் எங்கிருந்தோ அந்தக் கிறுக்குப் பிடித்துக்கொண்டது.

பினாங்கில் ஒருவரிடம் பழைய படகாக வாங்கிக் கோத்தா கோலா மூடா ஆற்றுத் துறையில் கட்டி வைத்திருந்தார். பாய்மரத்துக்குப் பின்னால் ஒரு பாய் எப்போதும் உண்டு. முன்னால் கட்டுகிற பாய்தான் பெரிது, நடுத்தரம், சின்னது என்று மூன்று பைகளில் மூன்று அளவில் இருந்தது.

“காத்து கம்மின்னா பெருசு, ஜாஸ்தின்னா சின்னது. அவ்ளோதான் லா பாப்பா,” என்பார் மாமா. கார் நிறுத்தும் இடத்தில் பாயை வாசல் கேட்டில் கட்டி, அத்தைக்குக் கொக்கி மாட்டவும் கழற்றவும் சொல்லிக்கொடுப்பார். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார். அத்தை சிரித்துச் சிரித்தே எல்லாவற்றையும் கற்றுக்கொண்டார்.

பூசை போடாத வண்டியில் ஏறக்கூடாது என்றார் அம்மா. “நான் மிசினை நம்புற ஆளு, எலுமிச்சம்பழத்தை இல்ல. உங்க அம்மா வாயை அடைக்கத்தான் இதெல்லாம்,” என்று என்னிடம் அலுத்துக்கொண்டார் மாமா. படகைக் கோயிலுக்குத் தூக்கிவர முடியாது. ஆகவே பாயைக் கொண்டுபோவது என்று முடிவாயிற்று. எந்தப் பாய் என்று என்னைக் கேட்டார். எனக்கு ஒன்பது வயது. பெரியதைக் காட்டினேன், அதில்தான் நீலக் கோடு இருந்தது.

பூசாரி சந்தனம் தெளித்து, குங்குமம் வைத்து, சூடம் காட்டினார். எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “டயர் எங்கப்பா?” என்று கேட்டார். கடைசியில் மாமாவின் கார் டயருக்கடியில் வைத்து நசுக்கினோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே காற்று. படகுத்துறையில் வலை பிரித்துக்கொண்டிருந்த மலாய்க்கார பாக்சிக் ஒருவர் எங்களைப் பார்த்து, “அங்கின் குவாட். பாக்காய் யாங் கெச்சிக்,” என்றார். காற்று பலம், சின்னதையே கட்டு என்று அவர் சொன்னது எனக்கே புரிந்தது. மாமாவும் தலையாட்டிவிட்டுச் சின்னப் பையைக் கையில் எடுத்தார்.

“ஐயையோ! அதுக்குப் பூசை போடலையே மாமா!” என்று கத்தினேன். கத்தியதோடு நிற்காமல் ஓவென்று அழவும் தொடங்கினேன்.

“பெருசுக்குப் போட்டா சின்னதுக்கும் போட்ட மாதிரிதாங்க. அவ அழுதா அழுவட்டும்,” என்றார் அத்தை.

மாமா கையிலிருந்த பையைப் பார்த்தார். சூடு பட்டவர் மாதிரி சட்டென்று படகுத் தரையில் வைத்தார். “புள்ள அழுவுதுல்ல,” என்று சொல்லிக்கொண்டே நீலக் கோட்டுப் பாயைக் கட்டினார். நான் ஜெயித்துவிட்டேன்.

ஆற்று வாயைத் தாண்டும்வரைதான் அந்த ஜெயம். வெளியே வந்ததும் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சாய்ந்தது நிமிரவே இல்லை. விளிம்புக்கு மேலே தண்ணீர் ஏறி என் காலை நனைத்தது. மாமா கயிற்றைத் தளர்த்தினால் பாய் படபடவென்று அடித்துப் படகையே உலுக்கியது. இழுத்துப் பிடித்தால் மறுபடியும் சாய்ந்தது. மிதவைச் சட்டை போட்டிருந்தேன்தான். ஆனாலும் செத்தோம் என்றே நினைத்தேன். அத்தைக்கு நீச்சல் தெரியாது என்பது வேறு அப்போது பார்த்து நினைவுக்கு வந்து தொலைத்தது.

சுக்கான் பிடியை விட்டு மாமாவால் நகர முடியவில்லை. “படகைக் காத்துக்கு நேரா புடிங்க. நான் போறேன்,” என்றார் அத்தை. சுடிதார் நனைய நனைய முன்பக்கம் தவழ்ந்தார். பெரிய பாய் இறங்கிப் பாதி தண்ணீரில் விழுந்தது. அதை வாரி இழுத்து, மறுபடி பறக்காமலிருக்க அதன்மேலேயே உட்கார்ந்தார். சாமி பாய் மேலே உட்கார்ந்துவிட்டாரே என்று எனக்குப் பகீரென்றது.

“பாப்பா, சின்னப் பையைத் தள்ளு!”

நான் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தேன். அத்தை என்னைப் பார்த்தார். நெற்றியில் கரைந்து வழிந்த குங்குமத்தை விரலால் வழித்து, எட்டிப் பையில் ஒரு தேய் தேய்த்தார். “இந்தா, பூசை ஆச்சு. குடுடி!”

கொடுத்தேன். கேட்டில் பழகிய கை, கொக்கிகளை ஒவ்வொன்றாக மாட்டியது. சின்னப் பாய் ஏறியதும் படகு மெல்ல நிமிர்ந்தது. காற்று குறையவே இல்லை. ஆனாலும் படகு சொன்ன பேச்சைக் கேட்டது. அப்பாடா! அந்த அப்பாடாவை நான் இன்னும் மறக்கவில்லை. மாமா சிரித்தார், அத்தை சிரித்தார், நான் அழுதுகொண்டே சிரித்தேன். கரைக்கு வந்ததும் ஆளுக்கு இரண்டு தட்டு மீ கோரெங் தின்றோம்.

வீட்டில் மாமா அம்மாவிடம், “பாப்பா அழுவுச்சுன்னுதான்க்கா பெருச கட்டுனேன்,” என்றார். அம்மா என்னை முறைத்தார். அத்தை மாமாவை முறைத்தார். அத்தை ஏன் அவரை முறைக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. திட்டு விழாமல் தப்பித்ததே போதும் என்றிருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை, யாரும் சொல்லாமலே, மாமா மூன்று பைகளையும் காரில் ஏற்றிக் கோயிலுக்குக் கொண்டுபோனார். நானும் அத்தையும் கூடப் போனோம். ஒவ்வொரு பாய்க்கும் தனித்தனியாகச் சூடம் காட்டச் சொன்னார். சுருட்டி வைத்திருந்த கயிற்றுக்குக்கூடத் தன் கையாலேயே பொட்டு வைத்துக் கண்ணை மூடி நெடுநேரம் நின்றார். அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கோ கண் கலங்கிவிட்டது. இதையெல்லாம் நம்பாத மனிதர், நான் மறுபடியும் அழக்கூடாதே என்பதற்காக இவ்வளவு செய்கிறாரே என்று.