கொடி முறிந்த வெள்ளிக் கோபுரம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, லண்டன் கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டு அடுப்பில் இடியப்பம் அவிந்துகொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. மிரியம் அன்ரியின் மகன் டேனியல் பேசினார். "அம்மா விடியக்காலை போய்விட்டார். நாளை மத்தியானம் அடக்கம்" என்றார். யூதர்கள் இறந்தவரைக் காத்திருக்க வைப்பதில்லை. அந்த அவசரம் அன்ரிக்குப் பொருத்தமானதுதான். ஸ்ட்ரெதத்தில் ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் இருபத்தைந்து வருடம் இருந்தவர் அவர். பிந்தி வந்தவர் எவரையும் அவர் மன்னித்ததாக எனக்குத் தெரியாது.

நான் அடுப்பை நிறுத்திவிட்டு என் கணவர் குகனிடம் சொன்னேன். அவர் போய்த் தன் கறுப்புச் சப்பாத்தைத் துடைக்கத் தொடங்கினார்.

நோர்பரியில் கடைக்குப் போய்வரும் உங்களில் பலர் அன்ரியைக் கண்டிருப்பீர்கள். குள்ளமான உருவம், பச்சைக் கோட்டு, கழுத்தில் சங்கிலி போட்ட கண்ணாடி. காணாதவர்களும் அவரை அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். அவர் எங்களுடன் பேசியதெல்லாம் ஆங்கிலம். நான் தருவது என் தமிழ்.

நாங்கள் லண்டன் வந்து ஆறு மாதம் கழிந்து, வேலை செய்ய அனுமதி கிடைத்து, நோர்பரியில் மச்சானின் கடையில் நான் நின்ற காலம் அது. மாதம் ஒருமுறை அன்ரி கராம்பு வாங்க வருவார். ஒரு கைப்பிடிதான் வாங்குவார். அதற்கு முன் ஒவ்வொன்றாக எடுத்து, நகத்தால் அமர்த்தி, எண்ணெய் கசிகிறதா என்று பார்த்து, மூக்கருகில் பிடித்து ஒரு பரிசோதனை நடக்கும். "பொம்பிளை பாக்க வந்த மாதிரியெல்லோ கராம்பு பாக்கிறா" என்று மச்சான் சிரிப்பார்.

ஒருநாள் நான் கேட்டேன், கறிக்கா என்று. "இல்லை, முகர்வதற்கு" என்றார் அன்ரி. சனிக்கிழமை மாலை, ஓய்வுநாள் முடியும்போது, விளக்கேற்றி, வாசனைப் பொருள் வைத்த ஒரு பெட்டியைக் கைமாற்றிக் கைமாற்றி முகர்வார்களாம். ஓய்வுநாள் போகிறதே என்ற கவலைக்கு அது ஆறுதலாம். எனக்கு அந்த வழக்கம் உடனே பிடித்துவிட்டது. அடுத்த முறை வந்தபோது நல்ல கறுவாப்பட்டை இரண்டைச் சேர்த்துக் கட்டிக் கொடுத்தேன். அப்படித்தான் பழக்கமானோம். அவர் எங்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தர ஒப்புக்கொண்டார், நாங்கள் கிழமையில் ஒருநாள் அவருடைய சமையலறைக்குப் போய்வந்தோம்.

அந்த நாட்களில்தான் எங்கள் அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. காரணம் இதுதான். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் வைத்துக் குகனை ஆமிக்காரர் பிடித்துப்போன நாளைப் பற்றி இருவரையும் தனித்தனியே கேட்டார்கள். அன்று மழை என்று அவர் சொல்லியிருந்தார். நல்ல வெயில், முற்றத்தில் மிளகாய் காயப்போட்டிருந்தேன் என்று நான் சொல்லியிருந்தேன். இருவர் சொல்வதும் பொருந்தாதபடியால் அப்படி ஒரு சம்பவம் நடந்ததாகவே நம்ப முடியாது என்று கடிதத்தில் எழுதியிருந்தது. நாட்டில் சமாதானப் பேச்சு நடப்பதால் திரும்பிப் போகலாம் என்றும் இருந்தது. போனால் குகனுக்கு என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும். அவருடன் பிடிபட்ட இருவர் திரும்பி வரவேயில்லை.

கடிதம் வந்த நாளிலிருந்து வீட்டில் ஒரே சண்டை. "மழையிலை ஆராவது மிளகாய் காயப்போடுவினமோ?" என்று நான் கேட்பேன். "எனக்குத் தெரியும், அண்டைக்கு மழை" என்று அவர் தொடங்குவார். அதற்குமேல் ஒரு சொல் சொல்ல நான் விடுவதில்லை. கோயிலில், கடையில், கண்ட இடமெல்லாம் எங்களுக்குக் கிடைத்த புத்திமதி ஒன்றுதான்: அப்பீலில் இரண்டு பேரும் ஒண்டாச் சொல்லுங்கோ. வெயில் என்று முடிவாயிற்று. என் குரல் பெரியது என்பதைத் தவிர அந்த முடிவுக்கு வேறு நியாயம் இல்லை.

பாடமாக்கியதை ஆங்கிலத்தில் சொல்லிப் பழகுவதற்கு அன்ரியிடம் போனோம். குகன் சொன்னார், நான் சொன்னேன். வெயில், முற்றம், மிளகாய், எல்லாம் அச்சொட்டாகப் பொருந்தியது. அன்ரி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"போன கிழமை இந்தச் சமையலறையில் இரண்டு பேர் இருந்தீர்கள். இன்று ஒருவர்தான் இருக்கிறார். மற்றவரை எங்கே விட்டுவிட்டு வந்தீர்கள்?"

எனக்குக் கோபம் வந்தது. உங்களுக்கென்ன, உங்களிடம் பாஸ்போட் இருக்கிறது என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன். முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன். சனிக்கிழமை பொழுதுபட வரச் சொன்னார். பனிக்காலம், நாலரைக்கே இருட்டிவிடும்.

அன்றுதான் அந்தப் பெட்டியைக் கண்டேன். ஒரு சாண் உயரம், வெள்ளி, கோபுர வடிவம். திறந்து மூடச் சின்னக் கதவு, உள்ளே கராம்பும் கறுவாவும். உச்சியில் ஒரு கொடி இருந்த இடத்தில் முறிந்த கம்பி மட்டும் நின்றது. அன்ரியின் தாயாரின் பூட்டனார் காலத்திலிருந்து அவர்களிடம் இருக்கிறது. போருக்கு முந்திய ஆண்டில் ஜெர்மனியை விட்டு அவர்கள் தப்பி வந்தபோது, வெள்ளி கொண்டுபோகத் தடை இருந்தும், கூடவே வந்த ஒரே பொருள் அது.

மேசையில் அன்ரியின் தாயார் லோட்டா இருந்தார், எண்பதை எட்டிக்கொண்டிருந்த பெரிய மனுஷி. எதிரே அவருடைய தம்பி ஏர்னஸ்ட். ரயிலில் வந்தபோது தாயாருக்குப் பதினாறு வயது, தம்பிக்கு ஆறு. முகர்ந்து முடிந்ததும் அன்ரி சொன்னார்: "இந்தப் பெட்டிக்கு எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. ஒருவர் கதை சொன்னால் முடிக்கும்வரை மற்றவர் வாய் திறக்கக் கூடாது."

லோட்டா அம்மையார் சொன்னார். எல்லையில் ஒரு அதிகாரி பெட்டியைக் கண்டுபிடித்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். கொடியை மட்டும் இரண்டு விரலால் முறித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மிச்சத்தை லோட்டா அம்மையாருடைய தாயின் மடியில் எறிந்தான். ஏன் விட்டான் என்று இன்றுவரை தெரியாது.

பிறகு ஏர்னஸ்ட் சொன்னார். அதிகாரி எவனும் பெட்டியைக் காணவேயில்லை. அது தன் கரடிப் பொம்மையின் வயிற்றுக்குள் இருந்தது. பயத்தில் பொம்மையை இறுக்கியதில் கொடி முறிந்து துணிக்கு வெளியே வந்துவிட்டது. யாரும் காணக்கூடாதே என்று வாயில் போட்டு விழுங்கிவிட்டார்.

லோட்டா அம்மையார் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு கடைசிச் சொல்வரை இருந்தார். முடிந்ததும் சொன்னார்: "ஒரு கிழமை பார்த்தோம். வரவில்லை."

எல்லோருடனும் சேர்ந்து நானும் சிரித்தேன். நிராகரிப்புக் கடிதம் வந்தபிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

"ஒரே ரயில், ஒரே வெள்ளிப் பெட்டி, இருவரும் உட்கார்ந்து வந்தது ஒரே வாங்கு" என்றார் அன்ரி. "இவர்களைச் சரிக்கட்ட என் அப்பா முப்பது வருடம் பாடுபட்டார். நான் விட்டுவிட்டேன். எனக்குப் பிறகு பெட்டி யாருக்குப் போகிறதோ அவர் இரண்டு கதையையும் முழுதாகச் சொல்லவேண்டும். ஒன்றை விட்டால் பெட்டி கிடையாது."

திரும்பிவரும்போது பஸ்ஸில் குகன் சொன்னார், "நான் மழை எண்டுதான் சொல்லப்போறன்." "சொல்லுங்கோ, நான் வெயில் எண்டுதான் சொல்லுவன்" என்றேன். வீறாப்பாகச் சொன்னேனே தவிர, அப்பீல் வரையிலான அந்த மூன்று கிழமையும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தெரிந்தவர்கள் எல்லோரும் எங்களுக்குப் பைத்தியம் என்றார்கள். மச்சான் ஒரு படி மேலே போய், "கராம்பு வாங்க வந்த மனிசியின்ர கதையைக் கேட்டு நாட்டுக்குத் திரும்பிப் போகப்போறியள்" என்றார்.

அப்பீல் அன்று அன்ரி எங்களுக்குச் சாட்சியாக வந்தார், வழக்கம்போல ஒரு மணித்தியாலம் முந்தி. கைப்பையில் அந்தப் பெட்டி. வாசலில் சோதனை செய்த காவலாளி இது என்ன என்று கேட்டுவிட்டார், பாவம். பின்னால் வரிசை நீள நீள, அன்ரி இரண்டு கதையையும் சொல்லி முடித்துத்தான் உள்ளே வந்தார்.

நான் வெயில் என்றேன். குகன் மழை என்றார். அரசாங்கத் தரப்பில் வாதாடியவர் எழுதிக்கொண்டே போனார். பிறகு அன்ரியைப் பார்த்து, இவர்களை உங்களுக்கு நன்றாகத் தெரியும் என்கிறீர்கள், இவர்களில் ஒருவர் உண்மை பேசவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டார்.

அன்ரி பெட்டியை மடியில் வைத்தபடி எழுந்திருக்காமலே பதில் சொன்னார். "என் தாயும் மாமாவும் ரயிலில் ஒரே வாங்கில் உட்கார்ந்து தப்பி வந்தவர்கள். அறுபது வருடமாக இரண்டு கதை சொல்கிறார்கள். அவர்கள் வந்தது பொய்யென்று யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நான் இங்கே பிறந்திருக்க மாட்டேன். இவர்கள் இரண்டு பேரும் போன மாதம் என் வீட்டில் ஒரே கதையைச் சொன்னார்கள். அன்றைக்குத்தான் நான் நம்பவில்லை."

எங்கள் தரப்புச் சொலிசிட்டர் தலையில் கைவைத்தார். பாடமாக்கிய விஷயத்தையே போட்டுடைத்துவிட்டாரே என்று நான் குகனைத் திரும்பிப் பார்த்தேன். நீதிபதி பேனையை வைத்துவிட்டு அன்ரியைப் பார்த்தார். பெட்டியைப் பார்க்கலாமா என்று கேட்கவில்லை. ஆனால் அவர் சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொல்லி ஒவ்வொரு சொல்லாக எழுதினார்.

ஐந்து கிழமைக்குப் பிறகு தீர்ப்பு வந்தது. எங்களை நம்பியிருந்தார்கள். முதலில் அன்ரியின் பல் வைத்தியசாலைக்குத்தான் ஓடினேன். நோயாளிகள் எல்லாம் பார்க்க மேசைக்கு மேலால் எட்டி என்னைக் கட்டிப்பிடித்தார். பிறகு மணிக்கூட்டைப் பார்த்து, மூன்றே காலுக்கு வரவேண்டியவர் இன்னும் வரவில்லை என்று முறைப்பட்டார். இன்று எங்களுக்குச் சொந்தமாக ஒரு கடை இருக்கிறது, இந்த நாட்டுப் பாஸ்போட் இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் பின்னால் ஒரு பெண் எழுந்திருக்காமல் சொன்ன அந்த நாலைந்து வசனம் இருக்கிறது என்பதை யாரிடமும் சொல்ல நான் கூச்சப்பட்டதில்லை. பெருமையாகவே சொல்லிவருகிறேன்.

லோட்டா அம்மையார் நாலு வருடத்துக்கு முன் காலமானார். அதன்பின் அன்ரிக்கு நோய் வந்தது. வலியைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். கடைசியாகப் பார்க்கப் போனபோதும், "குகன் எப்படி? நீ அவரைப் பேச விடுகிறாயா?" என்றுதான் கேட்டார். நான் சிரித்துச் சமாளித்தேன்.

அடக்கத்துக்குப் பிந்திய சனிக்கிழமை மாலை அவருடைய வீட்டுக்குப் போனோம். கண்ணாடிகளைத் துணியால் மூடியிருந்தார்கள். துக்கம் காப்பவர்கள் உயரம் குறைந்த கதிரைகளில் இருந்தார்கள். வருகிறவர்கள் ஒவ்வொருவரும் டேனியலின் கையைப் பிடித்து, உங்களுக்கு நீண்ட ஆயுள் கிடைக்கட்டும் என்று வாழ்த்தினார்கள். இறந்த வீட்டில் இருப்பவரை வாழ்த்தும் அந்த வழக்கம் எனக்குப் புதிது. நானும் அப்படியே சொன்னேன்.

இருட்டியபின் டேனியல் பெட்டியை எடுத்தார். அது அவருக்குரியதாக வேண்டுமென்றால் கதைகளைச் சொல்லவேண்டும். ஏர்னஸ்ட் எதிரே இருந்தார். டேனியல் முதலில் பாட்டியின் கதையைச் சொன்னார். அடுத்துக் கரடிப் பொம்மையின் கதையைச் சொன்னார். அவ்வளவுதான் என்று நான் நினைத்தேன்.

அவர் நிறுத்தவில்லை. "மூன்றாவது கதை" என்று சொல்லி எங்கள் இருவரின் பெயரையும் சொன்னார். யாழ்ப்பாணத்தில் ஒரு வீடு, ஒரு முற்றம், வத்சலா வெயில் என்கிறார், குகன் மழை என்கிறார், இந்தப் பெட்டி அவர்களுக்காக ஒருநாள் நீதிமன்றம் போனது என்று, அன்ரி சொல்லிக்கொடுத்தபடியே சொன்னார். மிளகாயைத் தேங்காய் என்று சொன்னார். என் நாக்கு துடித்தது, ஆனாலும் அடக்கிக்கொண்டேன். அந்த அறையில் இருந்த பதினைந்து பேரும், எங்களை முன்பின் அறியாதவர்கள், தங்கள் வீட்டுக் கதையைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகை வந்தது. நான் அதை மறைக்கவில்லை.

வெளியே வந்து பஸ் தரிப்பில் நின்றோம். குகன் சொன்னார், "இஞ்சாரும், அண்டைக்கு மழைதான்."

"ஓம், சொல்லுங்கோ" என்றேன்.

அவர் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொல்லத் தொடங்கினார். வீட்டில் வைத்துப் பிடித்ததே அவருக்கு ஞாபகமில்லையாம். அவருடைய நினைவு ஆமிக் காம்ப் வாசலில்தான் தொடங்குகிறதாம். கண்ணைக் கட்டி, முழங்காலில் இருத்தி, பின்னேரம் பெய்யத் தொடங்கிய மழையில் விடியும்வரை விட்டிருந்தார்களாம். பக்கத்தில் இருந்த இருவரும் இருமுவது கேட்டுக்கொண்டே இருந்ததாம். பிறகு ஒருவருடைய இருமல் மட்டும் கேட்டதாம். பன்னிரண்டு வருடமாக மழை என்ற சொல்லோடு நான் மறித்துவிட்ட கதை அது. அவர் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு பஸ் போய்விட்டது.

மிரியம் அன்ரி, அவரைப் பேச விட்டேன். போய் வாருங்கோ.