வரிசை மாறிய தண்ணீர்

போன வாரம் என் அக்கா புருஷனை பலமனேரில் பெங்களூர் பஸ் ஏற்றிவிட்டேன். அபார்ட்மென்ட் வாட்ச்மேன் வேலை. சொந்த நிலத்தில் தக்காளி போட்ட மனுஷர்... கையில் ஒரு ரெக்ஸின் பை.

மழை பொய்த்ததா? இல்லை. நான்தான் காரணம்.

எனக்கு பெங்களூரில் கிராபிக்ஸ் வேலை. பூமிக்கு அடியில் எடுத்த சர்வே எண்களைப் படமாக்குவோம். மண், பாறை, தண்ணீர் — எல்லாம் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும். பார்க்க ஜோர். செய்கிறவனுக்குத்தான் உயிர் போகும். கண்ணாடி அடுக்குகளை இஷ்டத்துக்கு வரைய முடியாது. தூரத்தில் இருப்பதை முதலில், பக்கத்தில் இருப்பதைக் கடைசியில் வரைய வேண்டும்; கடைசியில் வரைந்ததுதான் முன்னால் தெரியும். படத்தைத் திருப்பினால்? தூரமும் பக்கமும் மாறிவிடும். மறுபடி வரிசைப்படுத்து. கம்ப்யூட்டர் திணறும், படம் விக்கி விக்கி நகரும்.

நான் குறுக்கு வழி பிடித்தேன். கீழிருந்து அண்ணாந்து பார்க்கும் கோணத்துக்கு ஒரே ஒரு முறை வரிசை போட்டு, அதோடு விட்டுவிட்டேன். படம் வழுக்கிக்கொண்டு சுழன்றது.

லீவில் ஊருக்கு வந்து, மாமா நிலத்தின் சர்வேயையே லேப்டாப்பில் காட்டினேன். ஜம்பம், வேறென்ன?

"பயிர் வெக்கிறவன் மேல நின்னுக்கினு தானே பாப்பான்? மேலேர்ந்து காட்டு மச்சான்" என்றார்.

திருப்பினேன். கடைசியாக வரைந்த தண்ணீர், பாறைக்கு மேலே நீலமாக மிதந்தது.

"பாறைக்கு மேலயே கீதே!" என்றார். நானும் தலையாட்டினேன்.

மாட்டை விற்று போர் போட்டார். பாறை இடித்தது. தூள்தான் பறந்தது. 'இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்' என்று இறக்கியதில் நிலமும் போனது.

பிறகுதான் வரிசையைச் சரிசெய்து படத்தைத் திறந்தேன். தண்ணீர் பாறைக்கு அடியில், எட்டாத ஆழத்தில் கிடந்தது. இது முன்பே தெரிந்திருந்தால் அவர் போரே போட்டிருக்க மாட்டார்.

பஸ் ஜன்னல் வழியாக அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார். "தண்ணி அங்கதான் இருந்துச்சு மச்சான், என் கண்ணால பாத்தேன். என் ராசி சரியில்ல, நீ இன்னா பண்ணுவ?"

தப்பு என் படத்தில்தான் என்று சொல்லாமலே கையசைத்தேன். பஸ் போய்விட்டது.

பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியை வாராவாரம் அவருக்கு வாசித்துக் காட்டுவது என் அக்காதான். இந்த வாரம் போனில் வாசித்துக் காட்டு, அக்கா.