இடது பக்கம் பல்பு இல்லை

நம்பாதவர்கள் கோபாலபுரத்துக்கு வந்து அந்த அபார்ட்மென்ட்டின் அடித்தளப் பார்க்கிங்கைப் பார்த்துவிட்டுப் பேசட்டும். இது ஃபிசாவுக்கு நடந்தது. போன நவம்பரில், அடுத்தடுத்து மூன்று மாலைகள். மூன்று முறையும் காரின் திரையில் மணி 6.42.

அதற்கு முன்னால் ஒரு விளக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ரிவர்ஸ் கியர் போட்டால் காருக்குப் பின்னால் வெள்ளை விளக்கு எரியும். சில கார்களில் அது வலது பக்கம் மட்டும்தான் எரியும். கவனித்தவர்கள் பல்பு போய்விட்டது என்று மெக்கானிக்கைத் தேடுவார்கள். பல்பு போகவில்லை. அங்கே பல்பே கிடையாது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வெள்ளைக் கண்ணாடி. உள்ளே இடது பக்கம் வெறும் குழி. பல்பு மாட்டும் துளையை பிளாஸ்டிக் வார்க்கும் அச்சிலேயே அடைத்திருப்பார்கள், ஒயரும் வராது. சட்டம் ஒரு விளக்கைத்தான் கேட்கிறது. பல்பு, ஹோல்டர், ஒயர் எல்லாம் சேர்த்து ஒரு காருக்குப் பதினோரு ரூபாய் நாற்பது பைசா மிச்சம். வருஷத்துக்கு இரண்டு லட்சம் கார் என்றால் பெருக்கிப் பாருங்கள்.

அப்படிப் பெருக்கிக் காட்டியவள் ஃபிசா. ஈக்காட்டுத்தாங்கலில் கார் விளக்கு செய்யும் ஒரு கம்பெனியில் டிசைன் இன்ஜினியர். கார் கம்பெனி அனுப்பிவைக்கும் புகார்களுக்கு அவள் ஒரே ஒரு பதில் வைத்திருந்தாள்: "இது குறைபாடு அல்ல. வடிவமைப்பே அப்படி."

பக்கத்து சீட் அசோகனுக்கு அது தமாஷ். கேன்டீன் இட்லி கல்லாக இருந்தால், "குறைபாடு இல்ல ஃபிசா, வடிவமைப்பே அப்டி" என்பார். ஆனால் அந்த பல்பை எடுக்கக்கூடாது என்று கடைசிவரை மல்லுக்கட்டியவரும் அவர்தான்.

புது மாடலுக்கும் அதே விளக்கு என்று பேச்சு. வெள்ளிக்கிழமை காலை ஃபிசா கையெழுத்துப் போட்டால் அச்சு வெட்டப் போய்விடும். வெட்டிவிட்டால் ஐந்து வருஷத்துக்கு மாற்ற முடியாது.

செவ்வாய், 6.42. அந்த அபார்ட்மென்ட்டுக்கு அவள் குடிவந்து நாலாவது வாரம். அடித்தளப் பார்க்கிங்கில் ஒன்றுவிட்டு ஒரு டியூப்லைட்டைக் கழற்றியிருந்தார்கள், அங்கேயும் சிக்கனம். அவளுடைய கார் அவள் கம்பெனி விளக்கு மாட்டிய அதே மாடல். ரிவர்ஸ் போட்டுக் கண்ணாடியில் பார்த்தாள். பின்சுவரில் இரண்டு வெள்ளை வட்டங்கள்.

வலது பக்கம் ஒன்று. இடது பக்கம் ஒன்று.

கியரை எடுக்காமல், ஹேண்ட்பிரேக் போட்டுவிட்டு இறங்கிப் போய்ப் பார்த்தாள். இடது விளக்கு இருட்டாகத்தான் இருந்தது.

அசோகன் வேலை, என்று முடிவு செய்தாள்.

"என் கார்ல கை வச்சீங்களா?" மறுநாள் காலை கேட்டாள்.

"சாவி உன் பையில கீது. நான் இன்னா மந்திரவாதியா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தச் சிரிப்புதான் அவளுக்குச் சந்தேகம். மதியம் விளக்கைக் கழற்றிப் பார்த்தாள். பின்பக்கம் கறுப்பு பிளாஸ்டிக். துளை இல்லை. மறுபடி மாட்டி, இடுக்கில் டேப் ஒட்டி, டேப்பின் மேல் கையெழுத்தும் போட்டாள்.

புதன், 6.42. இரண்டு வட்டங்கள்.

பின்னாலிருந்து ஒரு குரல். "வா… வா… வா…" இடது பக்கம் வாட்ச்மேன் நிற்கிறார் என்று நினைத்து மெதுவாக வந்தாள்.

"ஹோல்டான்."

டப். டப். காரின் மேல் இரண்டு தட்டு. தூணுக்கு ஒரு சாண் தூரத்தில் நிறுத்தினாள்.

"தேங்க்ஸ்ணா" என்று சொல்லிக்கொண்டே இறங்கினாள்.

யாரும் இல்லை. வாட்ச்மேன் தணிகாசலம் டீ ஃபிளாஸ்க்கோடு அப்போதுதான் சரிவில் இறங்கி வந்துகொண்டிருந்தார்.

"நீங்கதானே ரிவர்ஸ் சொன்னீங்க?"

"நானா? நான் டீக்கடைக்குப் போய்க்கினு இருந்தேன் மேடம்."

டேப் அப்படியே இருந்தது. அசோகனும் இவரும் கூட்டு என்று தோன்றியது. கண்டுபிடித்துவிட்டால் அசோகன் மேல் புகார், மறுபேச்சில்லாமல் கையெழுத்து.

வியாழன். அவர்களுக்கு வழியே விடவில்லை. தணிகாசலத்தை முன்சீட்டில் பக்கத்தில் உட்கார வைத்தாள். அசோகனை வீடியோ காலில் பிடித்து வைத்தாள். அவர் கே.கே. நகரில், தன் வீட்டு சோபாவில்.

6.42. ரிவர்ஸ்.

இரண்டு வட்டங்கள்.

இடது வட்டத்துக்குள் நிழல்… இரண்டு கால்கள்.

"வா… வா…"

தணிகாசலம் வாய் திறக்கவில்லை.

"வா…"

கார் நகர்ந்தது. நிழல் பெரிதானது.

இந்த முறை 'ஹோல்டான்' வரவில்லை.

டப். டப். டப்டப்டப்டப்…

பிரேக்கை மிதித்தாள்.

இடது வட்டம் அணைந்தது.

ஃபோனில் அசோகன் கேட்டார்: "யாரு ஃபிசா தட்டறது?"

தணிகாசலம் கதவைத் திறந்து இறங்கினார். "அது சுயம்புலிங்கம் குரல் மேடம்."

தணிகாசலத்துக்கு முன்னால் அங்கே இருந்த வாட்ச்மேன். யார் ரிவர்ஸ் எடுத்தாலும் இடது பக்கம் நின்றுதான் சொல்வாராம். டிரைவர் வலது பக்கம் இருப்பதால் இடது பக்கம்தானே தெரியாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், நவம்பர் பதினாலு. இதே இடம், இதே மாடல் கார்.

"ரெண்டு தட்டு தட்னா நிறுத்தணும். அன்னிக்கு டபடபன்னு தட்னாராம். ஓட்னவங்களுக்கு ஆள் நிக்கறதே தெரியல. தூணுக்கும் வண்டிக்கும் நடுவுல…"

வெள்ளிக்கிழமை காலை அசோகன் தாளை நீட்டினார். ஃபிசா 'இடது: அடைப்பு' என்பதை அடித்துவிட்டு 'இடது: பல்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அன்று மதியம் பழைய புகார்களில் அந்த அபார்ட்மென்ட் முகவரியைத் தேடினாள். ஒன்றே ஒன்று இருந்தது. நவம்பர் ஐந்து. சுயம்புலிங்கம் இறப்பதற்கு ஒன்பது நாள் முன்பு.

"இடது பக்கம் ரிவர்ஸ் விளக்கு எரியவில்லை. நான் நிற்பது உங்களுக்குத் தெரிகிறதா என்று எங்கள் வாட்ச்மேன் தினமும் கேட்கிறார். தயவுசெய்து சரிசெய்து தரவும்."

புகார் வந்த நேரம், மாலை 6.42. பதில் போன நேரம், 6.43.

பதில் இரண்டே வாக்கியம். அனுப்பியவர் பெயரை அவள் படிக்கத் தேவையிருக்கவில்லை.