உமிச் சாம்பல் கல்லும் எங்கட ஒழுங்கையும்

சல்லடையில் சாம்பல் அரிச்சுக்கொண்டு இருக்கன். இடையில் கையைத் துடைச்சுப்போட்டுத்தான் இதை எழுதுறன். மில்லில் மிஞ்சுற உமியை எரிச்சு, அந்தச் சாம்பலைச் சீமெந்தோடயும் மணலோடயும் கலந்து ரோட்டுக்குப் பதிக்கிற கல் செய்யிறது எங்கட வேலை. தூசிக்குள்ள நிண்டு உழைக்கிற ஆக்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வாயைத் துணியால் கட்டினாலும் இருமல் வரும்.

வெள்ளைச் சாம்பல்

உமி சரியா எரியாட்டிச் சாம்பல் கறுத்திரும், கல் உடையும். நல்லா எரிஞ்சா வெள்ளையா மாவு மாதிரி வரும். உமி ஏத்திவாற ட்ரக்டர்க்கார அண்ணன் ஒருநாள் அந்த வெள்ளையைக் கண்டதும், கைப்பழக்கத்தில் அள்ளி நெத்தியில் பூசிற்றார். "அண்ணன், அது சாமிக்கில்லை, சீமெந்துக்கு!" என்று மேற்பார்வையாளர் சிரிச்சார். அண்ணன் அழிக்கவில்லை.

"ரோட்டுக்கு ஆகிறது என்ட நெத்திக்கு ஆகாதோ?"

மாரி

நான் இந்த வேலைக்கு வந்த காரணத்தை ஆருக்கும் வாய் திறந்து சொன்னதில்லை. வவுணதீவுப் பக்கம் வயல் வட்டைக்குள்ள எங்கட வீடு. போன மாரி மழையில் மகனுக்கு மூச்சிழுப்புக் கூடி ஆட்டோவில் ஏத்தினம். வீட்டுக்குப் போற மண் ஒழுங்கைச் சேத்தில் ஆட்டோ புதைஞ்சுபோச்சு. மறுகா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினன். ஆஸ்பத்திரி வாசலில் என்ட தோளில் கிடந்தவன் குளிர்ந்துபோனான். இப்ப சின்னவளுக்கும் அதே இழுப்பு. அந்த ஆட்டோக்காரர் சேத்துக்குள்ள நிண்டு அழுதது இன்னும் காதுக்குள்ள கிடக்கு.

"மன்னிச்சுக்க தங்கச்சி, சில்லுச் சுத்துது, வண்டி போகுதில்ல."

நெல் காயிற ரோட்டு

பரீட்சிக்கவென்று இந்தக் கல்லில் முதல் ரோட்டை எங்கட ஊரில்தான் போட்டாங்க. அது எங்கட ஒழுங்கை வாசலோட நிண்டிற்று. கல் தேயுதா என்று பார்க்க இஞ்சினியர் வந்தார். பார்க்கக் கல்லே தெரியவில்லை. ஊர்ச்சனம் ரோட்டு முழுக்க நெல்லைக் காயப் போட்டிருந்திச்சு. "இதென்ன?" என்று கேட்டவருக்குப் பக்கத்து வீட்டு மாமி, "உமி எங்கட, சாம்பல் எங்கட. நெல்லுக்கு மட்டும் இடமில்லையோ?" என்றா. அவர் சிரிச்ச தைரியத்தில் நானும், "சேர், எங்கட ஒழுங்கைக்கு?" என்று கேட்டிற்றன்.

"மாரிக்கு முதல் போடுவம் தங்கச்சி, கல்லை அடுக்கி வைங்க."

அடுக்கின கல்

அடுக்கினம். எங்கட ஒழுங்கைக்கு என்று நினைச்சு மூலை உடைஞ்ச கல்லையெல்லாம் நானே கழிச்சன். போன கிழமை பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலுக்கு அதே கல் வேணுமாம், கடற்கரைக்குப் போற பாதைக்கு. உமியில் செய்தது என்றால் வெள்ளைக்காரருக்கு நல்ல விருப்பமாம். மேற்பார்வையாளர் என்ட முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

"வெறுங்காலோட நடப்பாங்க புள்ள, நல்ல கல்லாப் பாத்து எடு."

இண்டைக்கு வானம் மூடிக் கிடக்கு. சின்னவள் விடியவே இருமினாள். உமியில் ரோட்டுப் போடலாம் என்று ஊருக்கே காட்டிற்றம், இனி அந்த ரோட்டு எங்கட வாசலுக்கு வாறதுக்கு நாங்க என்னத்தை எரிச்சு…

"புள்ள, ஹோட்டல் லொறி வந்திற்று! கல்லேத்த வா!"